வாயில் தண்ணீர் வைத்துப் போட்ட பூட்டு

4-3-1996 - ஜன்னல் அடைக்கப் பலகை, ஆணி - ரூ. 85
12-6-2002 - பழைய கம்ப்யூட்டர் ஒன்று - ரூ. 14,500
12-6-2002 - ஆட்டோ, ஏற்று இறக்குக் கூலி - ரூ. 60
19-11-2002 - அறைக் கதவுக்குப் பூட்டு - ரூ. 165
2-1-2003 - வைரஸ் தடுப்பு சி.டி. - ரூ. 350
7-8-2003 - ஃபைல் பூட்டும் சி.டி., தபால் செலவு உள்பட - ரூ. 780
3-12-2003 - பதிவுத் தபால் - ரூ. 22
11-12-2003 - பதிவுத் தபால் - ரூ. 22

மொத்தம் பதினைந்தாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு ரூபாய். ஆரணியில் ஒரு மனிதன் தன் சொந்த வேலையைத் தானே எடுத்துப் பார்க்க முடியாதபடி செய்துகொள்ள அன்றைய விலைவாசியில் இவ்வளவு செலவானது. அந்த மனிதர் பெயர் குப்புராஜ். இதை எழுதுகிற கையும் அவருடையதுதான். ஆனாலும் 'நான்' என்று எழுதினால் பேனா தானாகவே பரிந்து பேச ஆரம்பித்துவிடுகிறது. 'அவர்' என்று எழுதினால் கூச்சமில்லாமல் திட்டலாம்.

குப்புராஜ் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவர். கட்டம் போட்ட தாளில் கரையும் முந்தானையும் வரைவார். வரைந்ததை அப்படியே தறிக்குக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு வரியையும் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் அதைக் கேட்டு அட்டையில் ஓட்டை போட வேண்டும். அந்த ஓட்டைகள்தான் தறிக்கு எந்த இழையைத் தூக்குவது, எதை விடுவது என்று சொல்லும். வீட்டில் படிக்கிறவர் குப்புராஜ், ஓட்டை போடுகிறவர் அவர் மனைவி தெய்வநாயகி. பென்சில் நுனியால் கட்டங்களை டக் டக்கென்று தட்டி எண்ணி, "மூணு எடு, ரெண்டு விடு, நாலு எடு" என்று அவர் ஒரு ராகத்தில் இழுப்பார். அந்த அம்மாளின் சுத்தியல் அடுத்த நொடியில் விழும். கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் நடந்த பேச்சைக் கூட்டிப் பார்த்தால் முக்கால்வாசி இந்தப் பேச்சாகத்தான் இருக்கும்.

இந்தத் தொழிலில் பெரிய பயம் திருட்டு. 1996இல் குப்புராஜ் போட்ட ஒரு மாங்காய்க் கரை, அவர் கொடுத்த கடைக்கு வருவதற்கு முன்பே வேறொரு கடையின் கண்ணாடிப் பெட்டியில் தொங்கியது. யாரோ தெருப்பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்கள் என்று அவர் தீர்மானித்தார். மறுநாளே ஜன்னலுக்குப் பலகை வைத்து ஆணி அடித்தார். அன்றிலிருந்து ஏழு வருடத்துக்கு மேல் அந்த அறையில் காற்று என்பது மின்விசிறி தயவில்தான்.

கம்ப்யூட்டர் வந்ததும் அவருக்குப் பெரிய ஆறுதல். திரையில் கட்டம் கட்டமாக வண்ணம் நிரப்பலாம், தாளே வேண்டாம். தாள் இல்லையென்றால் பார்க்கிறவன் எதைப் பார்ப்பான்? திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். சுவருக்கும் திரைக்கும் நடுவில் தான் உட்கார ஒரு முக்காலி. அந்த இடுக்கில் அவர் நுழைவதும் வெளியே வருவதும் தனி வித்தை. பேப்பரில் வாரம் ஒருமுறை வந்த கம்ப்யூட்டர் பக்கத்தைக் கத்தரித்து, தேதி போட்டு, கோப்பில் சேர்த்தார். அதில் சொன்னதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பாஸ்வேர்டில் பிள்ளை பெயர் வைக்காதே, வைக்கவில்லை. பிறந்த தேதி வைக்காதே, வைக்கவில்லை. மாதம் ஒருமுறை மாற்று. அமாவாசைக்கு அமாவாசை மாற்றினார், அப்போதுதான் நாள் மறக்காது. எங்கும் எழுதி வைக்காதே. பால் கணக்கு, கொசுவத்திச் சுருள் வாங்கிய கணக்கு, மழை பெய்த நாள், மாமனார் தும்மிய நாள் எல்லாவற்றையும் எழுதிவைக்கிற மனிதர் இதை மட்டும் எழுதவில்லை.

அந்த ஃபைல் பூட்டும் சி.டி.யோடு ஒரு பதிவு அட்டை வந்தது. சென்னைக் கம்பெனி ஒன்றின் அட்டை. பெயர், விலாசம், வயது, தொழில், ஆண்டு வருமானம், வீட்டில் எத்தனை பேர், மிக்ஸி உண்டா, ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். குப்புராஜ் ஒன்றையும் விடவில்லை. இடம் போதாமல் தனித்தாள் இணைத்தார். தன் ரகசியங்களைக் காக்க ஒரு பூட்டு வாங்கி, பூட்டு விற்றவனுக்குத் தன் குடும்பத்தின் சகல ரகசியங்களையும் கையெழுத்துப் போட்டு அனுப்பியவர் ஆரணி வட்டாரத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அடுத்த மாதத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு கடிதம் வந்தது. ஒன்று மிக்ஸிக்கு, ஒன்று இன்ஷூரன்ஸுக்கு. தன் பெயர் வெளியூரிலெல்லாம் தெரிந்திருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பாஸ்வேர்டாக அவர் வைத்தது டிசைன் வரிகளை. மூன்று எடு, இரண்டு விடு என்றால் 3, 2. எண்கள்தான் பாஸ்வேர்டு, வரி அதற்கு ஞாபகக் குறிப்பு. இதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்தார். வீட்டுக்கு வீடு அட்டை படிக்கிற ஊரில், தெருவுக்கே தெரிந்த ஒரே பாஷையைத் தேடிப் பிடித்து ரகசிய பாஷையாக வைத்துக்கொண்டார்.

அந்த வருடம் அவருடைய ஒரே மகள் பரிமளாவுக்கு வரன் அமைந்தது. பெரணமல்லூர்ப் பையன். 1-2-2004, ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். பரிமளா வேலூரில் டீச்சர் வேலை பார்த்தாள். அது வேண்டும் இது வேண்டும் என்று எப்போதும் கேட்டதில்லை. இந்தத் தடவை ஒன்று கேட்டாள்.

"நைனா, கடையில தொங்காத பொடவை ஒண்ணு எனக்கு. நீங்க போட்டது. வேற யாருக்கும் குடுக்காதது."

அதுவரை அவர் போட்ட டிசைன் ஒன்றுகூட அவர் வீட்டு அலமாரிக்கு வந்ததில்லை. எல்லாம் கடைக்காரர்கள் கொடுத்த கூலிக்கு யார் யாரோ கட்டிக்கொண்டு போனவை. குப்புராஜ் மூன்று மாதம் அந்த இடுக்கில் உட்கார்ந்து கட்டம் கட்டமாகப் போட்டார். ஓரத்தில் தாழம்பூ ரேக்கு, நடுவில் இரண்டு அன்னம், அன்னத்தின் கழுத்து மட்டும் ஒன்பது தடவை திருத்தம். தெய்வநாயகிக்குக்கூடக் காட்டவில்லை. தாளில் போட்டிருந்த ஆரம்பக் கிறுக்கல்களையும் வெந்நீர் அடுப்பில் போட்டார். நெசவாளி வேலுவிடம் பாவுக்கு, அதாவது தறியின் நீள இழைக்கு, பட்டு எடுத்துக் கொடுத்தாயிற்று. கார்த்திகை முடிவதற்குள் அட்டை அவன் கைக்குப் போக வேண்டும். மார்கழியில் கல்யாணப் புடவையைத் தறியில் ஆரம்பிக்க மாட்டார்கள்; தை பிறந்து ஆரம்பித்தால் முகூர்த்தத்துக்குள் முடியாது.

டிசைன் முடிந்த வாரம், பெருங்காயம் வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போனார். கடைக்கும் அவர் அறைக்கும் ஒரே சுவர். கடைக்காரர் பச்சையப்பன் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார்:

"இன்னா குப்புராஜு, இந்த மாசம் நாலு எடு ஒண்ணு விடு, ரெண்டு எடு ரெண்டு விடா?"

"எது?"

"ஒன் கம்ப்யூட்டரு சாவி. போன மாசத்துது இதவிட நல்லாருந்திச்சி. சாமானு எடை போடச் சொல்ல அதையே பாடிகினு இருந்தேன்."

"உனக்கு எப்டிடா தெரியும்?"

"எனக்கு இன்னா, தெருவுக்கே தெரியும். காலையில எட்டு மணிக்கு ரேடியோ மாதிரி படிக்கிறியே! எங்கூட்டுப் பேரன் ஒண்ணு ரெண்டு கத்துகினதே உங்கிட்டதான்."

குப்புராஜ் பெருங்காயத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தார். இத்தனை வருடம் எண்ணைப் பார்த்தால் படிப்பது என்று வாய் பழகிவிட்டது. அவருக்கே கேட்காமல் அது கத்திக்கொண்டிருந்திருக்கிறது. 1996இல் மாங்காய்க் கரை ஜன்னல் வழியாக யார் கண்ணுக்குப் போனது என்று அத்தனை காலம் யோசித்தவருக்கு, அது யார் காதுக்குப் போனது என்று அப்போதுதான் யோசனை வந்தது.

23-11-2003 அமாவாசை. சாயங்காலம் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வாய் தானாகத் திறக்கிறது என்றால் அதற்கு ஒரு வேலை கொடுத்துவிட வேண்டியதுதான் என்று சொம்பிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் எடுத்து அடக்கிக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்ப, இடது கையில் வழக்கமான பென்சிலும், வலது கையின் ஒற்றை விரலுமாகப் புது பாஸ்வேர்டைப் போட்டார். பூட்டும் புரோகிராம் கேட்டது: எத்தனை தடவை தப்பாக அடித்தால் உள்ளே இருப்பதை அழித்துவிடலாம்? இருபது வரைக்கும் வைக்கலாம். குப்புராஜ் ஐந்து என்று வைத்தார். இருபது என்பது திருடனுக்குக் காட்டுகிற சலுகை என்று நினைத்தார். நடுவில் தெய்வநாயகி வெளியிலிருந்து கூப்பிட்டதற்கு "ம்ம்" என்றார். வேலை முடிந்ததும் தண்ணீரை முழுங்கினார். அதோடு பாஸ்வேர்டும் உள்ளே போய்விட்டது என்று அப்போது தெரியவில்லை.

அடுத்த ஒரு வாரம் வெம்பாக்கம், செய்யாறு, பெரணமல்லூர் என்று கல்யாணத்துக்குச் சொல்லிவிட்டு வருவதில் போனது. தெய்வநாயகி அந்த நாளெல்லாம் அவரோடு சரியாகப் பேசவில்லை. குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தது. அதை அவர் தேதி போட்டுக் குறித்துக்கொண்டார்; காரணம் தெரியாததால் காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டார்.

2-12-2003 அன்று திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். ஒன்றும் வரவில்லை. பழைய பாஸ்வேர்டுகள் அத்தனையும் ராகத்தோடு வரிசையில் வந்து நின்றன. புதியது மட்டும் இல்லை. வாயே அறியாமல் வைத்ததை வாய் எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்? ஒரு தடவை அடித்துப் பார்த்தார், தப்பு. யோசித்து இன்னொன்று, தப்பு. கோபத்தில் ஒன்று. பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டு ஒன்று. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார். மிச்சம் ஒன்றுதான். அதுவும் தப்பானால் அன்னம், தாழம்பூ, ஒன்பது தடவை திருத்திய கழுத்து எல்லாம் போய்விடும்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பச்சையப்பன் கடை வரைக்கும் போகும். பூட்டு விற்ற கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் எழுதினார். எட்டாம் நாள் பதில் வந்தது: சி.டி. உறையின் பின்பக்கத்து எண்ணைத் தெரிவிக்கவும். தெரிவித்து மறுபடியும் எழுதினார். நாள் மட்டும் ஓடியது. வேலு வந்து கேட்டபோதெல்லாம் "கழுத்துல சின்னதா ஒரு திருத்தம்" என்றார்.

14-12-2003, ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலு வாசலிலேயே நின்றுகொண்டு சத்தம் போட்டான்.

"பாவு ஏத்திட்டு எத்தினி நாளுங்க சும்மா குந்திகினு இருக்கறது? ரெண்டு நாள்ல மார்கழி. நாளைக்கு அட்டை வரலன்னா பட்டுக்கட பாலு மொதலாளி பாவ ஏத்திடுவேன். எனக்கும் வயிறு இருக்குதுங்க, அது பேஜார் பண்ணுது."

"கழுத்துல ஒரு சின்ன..."

"அன்னத்துக்குக் கழுத்து வரதுக்குள்ள பொண்ணு கழுத்துல தாலி ஏறிடும் போலக்கீதே!"

விடுமுறைக்கு வந்திருந்த பரிமளா உள்ளேயிருந்து இதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்குக் கோபமே இல்லை. அதுதான் பெரிய துன்பமாக இருந்தது.

"வுடுங்க வேலண்ணே, நைனாவ ஒண்ணும் சொல்லாதீங்க. நைனா, கடையிலயே ஒண்ணு எடுத்துக்கலாம். பாலு கடையில இப்ப நல்ல நல்ல கலரு வந்துகினு இருக்குது. எனக்கு ஒண்ணும் இல்ல."

ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போனாள். ஒரே துண்டை நான்கு தடவை மடித்தாள். குப்புராஜ் அதைப் பார்த்தார்.

நேராகச் சமையலறைக்குப் போனார். தெய்வநாயகி அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மறந்துட்டேன்," என்றார்.

"இன்னாத்த?"

"பாஸ்வேர்டு. டிசைன் உள்ள மாட்டிகினுது. அதான் பத்து நாளா..."

அவள் கையில் இருந்த காய் அப்படியே நின்றது.

"எழுதி வச்சிருப்பீங்களே. எங்கம்மா ஊருக்கு வந்துட்டுப் போன பஸ்சு நம்பரு கூட எழுதி வச்சிகினு கீறவரு."

"அத மட்டும் எழுதல."

தெய்வநாயகி சிரித்தாள். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. பிறகு அது நின்றது. ஏதோ நினைவுக்கு வந்தது போல அவரைப் பார்த்தாள்.

"எப்ப மாத்தினீங்க?"

"அமாவாசை அன்னிக்கு. சாயங்காலம்."

"கூப்ட்டதுக்கு எருமை மாதிரி ம்ம்னு சொன்னீங்களே, அன்னிக்கா?"

"வாயில தண்ணி இருந்திச்சி."

"தண்ணியா? எதுக்கு?"

"சத்தம் வெளிய போவக் கூடாதுன்னு."

"வாய மூடிட்டா சத்தம் போவாதா? பென்சில ஏன் தட்டினீங்க?"

குப்புராஜ் தன் இடது கையைப் பார்த்தார். அவருக்குத் தட்டியது தெரியாது.

"மொதல்ல டக் டக் டக். அப்புறம் டக் டக். மூணு எடு ரெண்டு விடு, மூணு எடு ரெண்டு விடு, அஞ்சு எடு ஒண்ணு விடு. இங்க குந்திகினு கீரை ஆஞ்சிகினு இருந்தேன், கை தானா சுத்தியலத் தேடிச்சி. அஞ்சு எடுத்துட்டு ஒண்ணே ஒண்ணு விட்டா பூ சப்பையா ஒக்காருமே, இது கூடவா தெரியல இந்த ஆளுக்கு, பெத்த பொண்ணு கல்யாணப் பொடவையில இப்டி ஒரு வரியான்னு எனக்கு அன்னியிலேருந்து உங்க மேல கோவம். கேட்டா, இன்னும் காட்டல, நீ பாக்கக் கூடாதும்பீங்க. அதான் பேசல."

குழம்பின் உப்புக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் போய்க் குறித்துக்கொள்ளுகிற நேரம் அது இல்லை.

இருவரும் அறைக்குப் போனார்கள். வேலுவும் பரிமளாவும் பின்னால் வந்து நிலைப்படியில் நின்றார்கள். குப்புராஜ் வழக்கம்போல இடுக்கில் நுழையப் போனார்.

"நீங்க எழுந்திருங்க. நான் அடிக்கிறேன்," என்றாள் தெய்வநாயகி.

"ஒரே ஒரு தடவைதான் பாக்கி. தப்பாப் போனா எல்லாம் அழிஞ்சிடும்."

"அப்டின்னு யாரு வச்சது?"

"நான்தான்."

"நல்லா வச்சீங்க. தப்பாப் போனா பாலு கடைக்குப் போவோம். ஜல்தியாப் படிங்க. வாயத் தொறந்து படிங்க."

அவர் பென்சிலை எடுத்தார். மேசை ஓரத்தில் தட்டினார். "மூணு எடு" என்றார் மெதுவாக. அவள் ஒற்றை விரலைச் சுத்தியல் மாதிரி ஓங்கி 3ஐ அடித்தாள். "ரெண்டு விடு" என்றதும் அடுத்த அடி. ராகம் வந்துவிட்டது. "மூணு எடு, ரெண்டு விடு, அஞ்சு எடு, ஒண்ணு விடு" என்று முடிக்கும்போது வழக்கமான உச்சத்தில் இழுத்து நிறுத்தினார்.

திரை கொஞ்சம் யோசித்தது. பழைய கம்ப்யூட்டர், எதையும் யோசித்துத்தான் செய்யும். பிறகு மேலே இருந்து வரி வரியாகத் தாழம்பூ இறங்கியது. அடுத்து அன்னத்தின் தலை. அதன் கீழே அந்தக் கழுத்து.

யாரும் பேசுவதற்கு முன் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பச்சையப்பன் குரல் கேட்டது:

"தொறந்துகிச்சா?"

பரிமளா சுவரைப் பார்த்துக் கத்தினாள். "தொறந்துகிச்சு மாமா!"

தெய்வநாயகி திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய் ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

"எங்கயும் அஞ்சுக்கு ஒண்ணு இல்லியே," என்றாள். "நல்லாத்தான் போட்டிருக்கீங்க."

"அது பாஸ்வேர்டு. டிசைன்ல எதுக்கு வரும்?"

"அப்ப மூணு வாரமா நான் சும்மாவா கோவமா இருந்தேன்?" என்றாள். அதற்கும் அவர்மேல்தான் கொஞ்சம் கோபப்பட்டாள்.

அன்றைக்கே அட்டை அடிக்க உட்கார்ந்தார்கள். நான்கு பேர் நின்றதில் அறை வெந்துபோயிருந்தது. வேலு பிடுங்கியைக் கொண்டுவந்து, யாரையும் கேட்காமல் ஜன்னல் பலகையின் ஆணிகளைக் கழற்றினான். குப்புராஜ் தடுக்கவில்லை. தெருவுக்கே கேட்கிற குரலில் படித்தார். மறுநாள் பொழுது சாய்வதற்குள் அட்டைகள் வேலுவின் வீட்டுக்குப் போயின. மார்கழி பிறக்க இன்னும் ஓர் இரவு இருக்கும்போதே தறியில் முதல் இழை விழுந்தது.

புடவை நன்றாக வந்தது. அதிகம் சொல்லக் கூடாது. சொல்லுகிறவர் அதைப் போட்டவர். பரிமளா அதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தபோது குப்புராஜ் நேராகப் பார்க்காமல் சமையல்காரரிடம் அப்பளக் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். பந்தி முடிந்து திரும்பி வந்தால், மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்துப் பெரியம்மா ஒருத்தி பரிமளாவின் முந்தானையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, நகத்தால் இழை இழையாக எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் வாயும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா எண்ணுறீங்க?" என்றார்.

"மூணு எடு, ரெண்டு விடு," என்றாள் அந்தம்மா மிகவும் மரியாதையாக. "எங்க ஊட்டுலயும் அட்ட அடிக்கிறவங்கதாங்க."

ஜன்னல், பூட்டு, சி.டி., வாய் நிறையத் தண்ணீர் எல்லாவற்றையும் தாண்டி, ஐந்நூறு பேர் நடுவில் பட்டப்பகலில் டிசைன் போய்க்கொண்டிருந்தது. பரிமளா அந்தம்மாவுக்கு வசதியாக முந்தானையை இன்னும் கொஞ்சம் விரித்துக் கொடுத்தாள். வேறு யாருக்கும் கொடுக்காத புடவை என்று கேட்டவள் அவள். அவளே சிரித்துக்கொண்டிருக்கும்போது குப்புராஜ் என்ன சொல்ல முடியும்? அன்னத்தின் கழுத்துப் பகுதியில் அந்தம்மா ஒரு கட்டம் தப்பாக எண்ணியபோது திருத்திச் சொன்னார்.

பூட்டும் புரோகிராமை எடுத்துப் போட்டாயிற்று. கம்ப்யூட்டரில் இப்போது பாஸ்வேர்டு இல்லை. திரையும் அறையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கிறது.

பூட்டு விற்ற கம்பெனியிலிருந்து கடைசியாக ஒரு கடிதம் வந்தது. குப்புராஜின் பெயர், விலாசம், வருமானம், வீட்டில் மிக்ஸி இருக்கிற விவரம் எல்லாம் தங்களிடம் பத்திரமாக இருப்பதாகவும், பூட்டைத் திறந்து தரத் தயாராக இருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். அதற்கு முன், ஃபைல் அவருடையதுதான் என்று உறுதி செய்துகொள்ள, பாஸ்வேர்டைத் தெளிவான கையெழுத்தில் எழுதி அனுப்பவும் என்று கேட்டிருந்தார்கள். தெய்வநாயகி அதை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, "எழுதி அனுப்புங்களேன், தெருவுக்கே தெரியுது, அவங்களுக்குத் தெரிஞ்சா இன்னா," என்றாள். அவர் அனுப்பவில்லை. உறையின் மூலையில் வழக்கம்போல வந்து சேர்ந்த தேதியை மட்டும் குறித்தார்: 12-2-2004.